நாலாவது நாற்காலிக்காரர் யார்?

என்னிடம் ஒரு போட்டோ இருக்கிறது. பத்து அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். பளபளப்பான கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஓட்டலின் நடன மண்டபம். மேடையில் வெள்ளைக் கோட்டு போட்ட 11 பேர். முன்வரிசையில் நாலு நாற்காலி. நாலு பேர் கையிலும் சாக்சபோன்.

1979-ம் ஆண்டு பம்பாய் சோர் பஜாரில், ஒரு கட்டு பழைய கிராமபோன் தட்டுகளோடு சேர்த்து அதை வாங்கினேன். விலை எட்டு ரூபாய். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், 11 பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு இருந்தன.

அந்தப் பெயர்கள் இப்போது இல்லை. அழித்தவன் நான்தான். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"சாக்சபோன்காரர்களின் படத்தைச் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கா?" என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். மாட்டுங்காவில் ஒரே அறை வீடு. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் பட்டுப் புடவை இருக்கவேண்டிய இடத்தில், யாரென்றே தெரியாத அமெரிக்கர்களின் படம் இருந்தால் எந்த மனைவிதான் கேட்க மாட்டாள்?

சாக்சபோன் நமக்குப் புதிய வாத்தியம் அல்ல. 1994-ல் வந்த "டூயட்" படத்தில் பிரபு கையில் வைத்திருப்பாரே, அதுதான். அதற்குப் பின்னால் இருந்து உண்மையில் ஊதியவர் கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பாண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டு வந்தவர். 2019-ல் காலமானார்.

சாக்சபோன் பித்தளையில் செய்தது. ஆனாலும் அதை மர வாத்தியங்களோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். காரணம், வாயில் வைக்கும் நாணல் பட்டை. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கு அந்தப் பட்டை. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் 1846-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 90 ஆண்டு கழித்து இந்த வாத்தியம் அமெரிக்காவையே ஆட வைத்தது.

ஒத்து ஊதியவர்கள்

1935 முதல் 1945 வரை அமெரிக்காவில் "சுவிங்" என்ற நடன இசை கொடிகட்டிப் பறந்தது. ஜாஸ் இசையில் ஒரு வகை அது. ஒவ்வொரு குழுவிலும் 13 பேர், 15 பேர். பின்னால் டிரம்பட்டும் டிராம்போனும். முன்வரிசையில் நாலைந்து சாக்சபோன்.

குழுவின் பெயர் தலைவரின் பெயர்தான். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, கேப் கேலவே என்று போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து ஊதியவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ பெயர் கிடைத்தது. மற்றவர்கள் வெறும் நாற்காலிக்காரர்கள்.

நம் ஊரில் நாதஸ்வரக் கச்சேரி செட்டு போட்டோ எடுத்துக்கொள்வது உண்டு. நடுவில் வித்வான். பக்கத்தில் தவில்காரர். இருவர் பெயரும் கீழே இருக்கும். ஓரத்தில் ஒத்து ஊதுகிறவர் நிற்பார். தாளம் போடுகிற பையன் நிற்பான். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? கச்சேரி முழுவதும் மூச்சு விடாமல் சுருதி கொடுத்தது என்னவோ அந்த ஒத்துக்காரர்தான்.

சுவிங் போட்டோ சேர்ப்பவர்களின் உண்மையான வேட்டை அந்த ஓரத்து ஆள்களுக்குத்தான். கோல்மன் ஹாக்கின்ஸ் படம் ஆயிரம் கிடைக்கும். லெஸ்டர் யங் படமும் அப்படியே. மூன்றாவது நாற்காலிக்காரரின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கவுண்ட் பேஸி குழுவில் "டெனர்" என்ற பெரிய சாக்சபோன் ஊத இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லெஸ்டர் யங். மற்றவர் ஹெர்ஷல் இவான்ஸ். இருவர் பாணியும் எதிரும் புதிரும். வரிசையில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் என்று உட்காருவார்கள். 1939 பிப்ரவரியில் இவான்ஸ் இறந்து போனார். 30 வயது கூட நிரம்பவில்லை. அவர் இடத்துக்குப் பட்டி டேட் வந்தார்.

ஆகவே பேஸி குழுவின் படம் கைக்கு வந்தால் முதல் கேள்வி, அது எந்த மாதம் எடுத்தது என்பதுதான். பிப்ரவரிக்கு முன்பு என்றால் அந்த நாற்காலியில் இருப்பது இவான்ஸ். பின்பு என்றால் டேட். இந்தத் தேதி தெரியாதவர் ஒரு பெயரை எழுதி ஒட்டிவிட்டால், செத்துப் போன மனிதர் செத்த பிறகும் சாக்சபோன் ஊதிக்கொண்டு இருப்பார்! டேட் 2001 வரை வாழ்ந்தார். அவரிடம் கேட்க அறுபது ஆண்டு அவகாசம் இருந்தது. இவான்சிடம் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

படத்தைத் துப்பறிவது எப்படி?

முதலில் படம் நேராக அச்சிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் ஏராளம். சாக்சபோனில் இடது கை மேலே, வலது கை கீழே. படத்தில் அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கோட்டின் மேல்பையும் சாட்சி சொல்லும். அது இடது மார்பில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து வாத்தியம். நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அதுபோல சாக்சபோனுக்கும் விரிந்த வாய் உண்டு. அதன் அருகே தட்டு போல இரண்டு பெரிய மூடிகள் இருக்கும். பழைய வாத்தியங்களில் இவை பெரும்பாலும் ஊதுபவரின் இடப்பக்கம் இருந்தன. 1936-ஐ ஒட்டி பிரான்சின் செல்மர் கம்பெனி வெளியிட்ட புது மாடலில் இரண்டும் வலப்பக்கம் மாறின. அப்படி ஒரு வாத்தியம் படத்தில் இருந்தால், அதற்கு முந்திய படமாகப் பெரும்பாலும் இராது.

ஆளின் தோரணையே சில சமயம் போதும். லெஸ்டர் யங் வாலிபத்தில் சாக்சபோனைப் பக்கவாட்டில் தூக்கி, படகுத் துடுப்பு போலப் பிடிப்பார். நூறடி தூரத்தில் எடுத்த மங்கலான படத்திலும் அவரைக் கண்டுபிடித்து விடலாம். வயதாக ஆக, வாத்தியம் மெல்ல மெல்ல கீழே இறங்கியது. அந்தக் கோணத்தை வைத்தே படத்தின் காலத்தை ஊகிப்பவர்கள் உண்டு.

கடைசியாகப் பின்பக்கம். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். நியூயார்க்கில் ஜேம்ஸ் கிரீக்ஸ்மன் என்ற போட்டோகிராபர் இசைக்குழுக்களுக்கு விளம்பரப் படம் எடுப்பதில் பெயர் பெற்றவர். அப்படிப்பட்ட முத்திரை இருந்தால் மதிப்பு கூடும். தாளும் பேசும். 1950-களுக்குப் பிறகு போட்டோ தாளை வெளுப்பாக்க ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். கள்ள நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தால் அந்தத் தாள் நீலமாக ஒளிரும். 1938-ல் அச்சிட்டது என்று சொல்லி விற்கும் படம் அப்படி ஒளிர்ந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

இந்த வித்தையில் மன்னர் பிராங்க் டிரிக்ஸ். 1930-ல் பிறந்த அமெரிக்கர். 1950-களிலேயே, சுவிங் காலம் முடிந்து ஓய்ந்து போன கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேசினார். ஆண்டி கர்க் போன்ற குழுத் தலைவர்களின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். பேச்சோடு படங்களும் சேர்ந்தன. 2011-ல் அவர் இறந்தபோது பல பத்தாயிரம் படங்கள் இருந்தன. கென் பர்ன்ஸ் 2001-ல் எடுத்த ஜாஸ் பற்றிய டெலிவிஷன் தொடருக்கு அவருடைய பெட்டிதான் சுரங்கம். அந்தப் படங்கள் பிறகு நியூயார்க் லிங்கன் சென்டரின் ஜாஸ் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

டிரிக்ஸ் பணக்காரச் சேகரிப்பாளர் அல்ல. ரிக்கார்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆள்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

கேமிரா வைத்திருந்த இசைக்காரர்

எடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லியம் காட்லீப், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதியவர். போட்டோகிராபரை அனுப்பப் பத்திரிகை மறுத்துவிட்டது. அவரே கேமிரா வாங்கி, எடுக்கக் கற்றுக்கொண்டார். பிளாஷ் பல்பு கைக்காசு. அதனால் ஒரு இரவுக்கு மூன்று நாலு படம்தான். எடுப்பதற்கு முன் ஆயிரம் முறை யோசிப்பார். அவர் எடுத்த 1,600-க்கு மேற்பட்ட படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995-ல் வாங்கியது. 2010 முதல் அவை பொதுச் சொத்து. ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், ஜானி ஹாட்ஜஸ் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். என் போன்றவர்களுக்கு அது தீபாவளி.

ஆனால் என் மனதுக்குப் பிடித்தவர் மில்ட் ஹின்டன். அவர் போட்டோகிராபரே அல்ல. கேப் கேலவே குழுவில் பெரிய பாஸ் வாத்தியம் வாசித்தவர். 1935-ல் பிறந்த நாள் பரிசாக ஒரு சிறிய கேமிரா கிடைத்தது. அதன்பின் சாகும் வரை அதைக் கீழே வைக்கவில்லை. 2000-ம் ஆண்டில் இறந்தபோது ஏறத்தாழ 60 ஆயிரம் படங்கள் சேர்ந்திருந்தன.

மற்றவர்கள் மேடையில் இருந்தவர்களை எடுத்தார்கள். ஹின்டன் மேடையை விட்டு இறங்கியவர்களை எடுத்தார். ரெயிலில் வாயைத் திறந்து தூங்குகிறவர். பிளாட்பாரத்தில் பெட்டியோடு காத்திருக்கிறவர். 1940 வாக்கில் அட்லாண்டா ரெயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. கறுப்பர்களுக்குத் தனி வாசல் என்று அறிவிக்கும் பலகை. அதன் கீழே நல்ல கோட்டு சூட்டில் குழுவினர் நிற்கிறார்கள். முந்தின இரவு எந்த ஊரைக் கைதட்ட வைத்தார்களோ, அந்த ஊரின் முன்வாசல் வழியாக அவர்கள் போக முடியாது. வெளியூரில் பிழைக்கப் போய், பெட்டியோடு வாசலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்தப் படத்தின் முன்னால் நான் நெடுநேரம் உட்கார்ந்து இருக்கிறேன்.

கேலவே குழுவில் ஹின்டனோடு நாலாண்டு ஊர் ஊராகப் போனவர் சூ பெர்ரி. அருமையான டெனர் சாக்சபோன் கலைஞர். 1941 அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்த ஊருக்குக் காரில் போகும்போது ஒகையோ மாநிலத்தில் விபத்து. 33 வயதில் போய்விட்டார். கூடப் பயணம் செய்த ஒருவர் கையில் கேமிரா இருந்ததே அவர் செய்த பாக்கியம்.

எல்லாப் படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹெர்மன் லெனார்ட் என்ற மேதை, லெஸ்டர் யங்கை ஆளே இல்லாமல் படம் எடுத்தவர். அவருடைய தட்டைத் தொப்பி, சாக்சபோன் பெட்டி, புகையும் சிகரெட்டு. அவ்வளவுதான் படத்தில். பார்த்தவர்கள் "இது லெஸ்டர்" என்று சொல்லிவிடுவார்கள். 2005-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரினா புயல் தாக்கியபோது லெனார்டின் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அவர் கைப்பட அச்சிட்ட சுமார் எட்டாயிரம் படங்கள் நாசமாயின. நெகட்டிவ்களை முன்கூட்டியே ஒரு அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு அறைக்கு மாற்றியிருந்ததால் அவை மட்டும் தப்பின.

57 பேர்

1958 ஆகஸ்டு 12. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டுப் படிக்கட்டு. "எஸ்குயர்" பத்திரிகைக்காக ஆர்ட் கேன் என்பவர் ஜாஸ் கலைஞர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். இரவு முழுவதும் வாசித்துவிட்டு விடியும்போது படுக்கப் போகிறவர்கள் அவர்கள். அப்படியும் 57 பேர் படத்தில் விழுந்தார்கள். ஹாக்கின்ஸ் வந்தார். லெஸ்டர் யங் அதே தொப்பியோடு வந்தார். ஏழு மாதத்தில், 1959 மார்ச்சில், லெஸ்டர் இறந்துவிட்டார். பியானோ கலைஞர் வில்லி ஸ்மித் கால் வலிக்கிறதென்று பக்கத்தில் போய் உட்கார, அந்த நேரத்தில் கேமிரா சொடுக்கிவிட்டது. வந்தும் படத்தில் இல்லாத ஆள் ஆனார்!

ஹின்டனும் அன்று போயிருந்தார், கேமிராவோடு. அவர் மனைவி கையில் சிறிய சினிமா கேமிரா. 1994-ல் அந்தப் படத்தைப் பற்றி ஜீன் பாக் ஒரு ஆவணப்படம் எடுத்தபோது, இந்தக் கணவன் மனைவி எடுத்து வைத்திருந்ததுதான் பெரிய துணையாக இருந்தது. 57 பேரில் பில் கிரம்ப் என்று ஒருவர் நிற்கிறார். ஜாஸ் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பெயராவது மிஞ்சியதே!

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. 1935-ல் லியோன் ஆபியின் கறுப்பர் இசைக்குழு பம்பாய் தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்தது. அதன் பின் டெடி வெதர்போர்டு போன்றவர்கள் வந்தார்கள். ராய் பட்லர், ரூடி ஜாக்சன் என்ற சாக்சபோன்காரர்களும் இங்கே ஊதியிருக்கிறார்கள். ஜாக்சன், அதற்கு முன் எலிங்டனிடம் வாசித்தவர். வெதர்போர்டு ஊர் திரும்பவே இல்லை. 1945-ல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். 1939 முதல் 1960 வரை தாஜில் குழு நடத்தியவர் மிக்கி கொரியா. அவரும் சாக்சபோன்காரர். கோவாக்காரர்கள் பலர் அந்த மேடைகளில் ஊதி, பிறகு சினிமா ஸ்டூடியோக்களுக்கு வாசிக்கப் போனார்கள். 2012-ல் நரேஷ் பெர்னாண்டஸ் இந்த வரலாற்றைப் படங்களோடு புத்தகமாக்கினார்.

1963-ல் எலிங்டனே குழுவோடு இந்தியா வந்தார். டெல்லி, ஐதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா. அவரது முன்வரிசையில் ஜானி ஹாட்ஜஸ், ஹாரி கார்னி, ரசல் புரோகோப், ஜிம்மி ஹாமில்டன், பால் கொன்சால்வஸ். கார்னி 1927 முதல் அதே குழுவில் இருந்தவர். சென்னையில் அன்று கேமிராவோடு போன யாரோ ஒருவர் அந்த வரிசையை எடுத்திருக்க மாட்டாரா? மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ ஒரு பரணில் அது கிடக்காதா? இந்த நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

மைதா பசை

இனி என் குற்றம்.

1981-ல் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. கறுப்புத் தாள் போட்ட பெரிய ஆல்பம் ஒன்று வாங்கினேன். மைதா மாவில் பசை காய்ச்சி, கரப்பான் அண்டாமல் இருக்க மயில்துத்தமும் கலந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து 64 படங்களை ஒட்டினேன். எவ்வளவு பெருமை தெரியுமா? சோர் பஜார் படத்துக்கு முதல் பக்கம் கொடுத்தேன். பெயர்களைத் தனியாக எழுதி வைக்கவில்லை. "எங்கே போகப் போகிறது, பின்பக்கம்தானே இருக்கிறது" என்று நினைத்தேன்.

பதினோரு பம்பாய் மழைக்காலம் போயிற்று. 1992-ல், பெயர்களைப் பார்க்க வேண்டி வந்தது. ஆல்பத்தைத் திறந்தால் பூஞ்சை. படத்தை உரித்தேன். படம் வந்தது. பின்பக்கத் தாள் வரவில்லை. அது கறுப்புத் தாளோடு ஒன்றாகி, துகள் துகளாகக் கிழிந்தது. எழுத்து என்று மிஞ்சியது ஒரே ஒரு ஆங்கில "எப்".

இப்போது எதையும் ஒட்டுவதில்லை. தாளில் நாலு மூலை செய்து செருகுகிறேன். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுகிறேன். பேனா கூடாது, மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு 1994 முதல் அலைகிறேன். தோபி தலாவில் ஒரு பழைய பிடில்காரர், முன்வரிசையில் முதல் இரண்டு பேரைப் பார்த்த உடனே பெயர் சொன்னார். "இவனுக்கு நான் முப்பது ரூபாய் பாக்கி" என்று ஒருவரைக் காட்டிச் சிரித்தார். 2003-ல் பாந்த்ராவில் ஒரு அம்மாள், மூன்றாமவரின் முகத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் அப்பா. அந்த அம்மாளிடம் அப்பாவின் வாலிபப் படம் ஒன்றுகூட இல்லை. மறுவாரம் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

நாலாமவர் ஒல்லி. நடுவகிடு. இடது கைச் சுண்டுவிரலில் மோதிரம். எல்லோரும் கேமிராவைப் பார்க்கிறார்கள். அவர் பக்கத்து ஆளின் வாத்தியத்தைப் பார்க்கிறார். அந்த "எப்" அவருடையதா என்று தெரியவில்லை.

வசாய் பக்கம் ஒரு டிரம் கலைஞர் இருப்பதாகப் போன வாரம் ஒரு நண்பர் சொன்னார். வயது 90-ஐத் தாண்டிவிட்டதாம். காது கேட்காது, கண் நன்றாகத் தெரியும் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்குப் போகிறேன். படத்தை அட்டைக்குள் வைத்துக் கட்டியாயிற்று. பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன்.